குடிநீர்த் திட்டத்துக்கு நகராட்சி வாங்கும் கடன்: அடைப்பது யார்?

கேள்வி: பிப்ரவரி 9, மாலை

எங்கள் ஊர் நகராட்சி. மக்கள்தொகை 50,000 அளவில், குடிநீர் இணைப்பு 10,000 இருக்கும். மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான அம்ருத் 2.0-ல் புதிய குடிநீர்த் திட்டம் வருகிறதாம். பாதி மத்திய அரசு தருமாம், மிச்சத்தில் மாநில அரசு ஒரு பங்கு போடுமாம், நகராட்சி 10 கோடி ரூபாய் கடன் வாங்கிப் போட வேண்டுமாம். சொத்து வரி கட்டுகிறேன், குடிநீர்க் கட்டணம் கட்டுகிறேன், இனிமேல் கடனும் என் தலையிலா? எல்லாவற்றையும் மானியமாகவே கொடுத்தால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு 10.15

உங்கள் தலையில்தான். அதுவும் இப்போது புதிதாக ஏறப்போவதில்லை. பழைய கடன் ஒன்றிரண்டு முன்பே ஏறி உட்கார்ந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நகராட்சிக் கணக்குப் பிரிவில் 31 ஆண்டு இருந்தவன் நான். மாநில வரி வருவாயில் ஊருக்குரிய பங்கு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும். அலுவலகத்தில் அதை எஸ்.எஃப்.சி. என்றுதான் சொல்வோம். நான் வேலை பார்த்த இரண்டு ஊர்களிலும் அது முழுதாக வந்து பார்த்ததில்லை. பழைய கடன் தவணை, மின் கட்டண நிலுவை என்று பிடித்தங்கள் போக மிச்சம்தான் வங்கிக் கணக்கில் விழும். "ஏன் இந்தத் தடவை குறைந்திருக்கிறது?" என்று தலைவர் கேட்பார். நான் பிடித்தப் பட்டியலை நீட்டுவேன். கடன் அவருக்கு முந்தைய மன்றம் வாங்கியது. குழாய் அதற்கும் முன்னால் மதிப்பீடு போட்டது. அவர் என்னை முறைப்பார், நான் மின்விசிறியைப் பார்ப்பேன்.

தவணை கட்டிய உணர்வே ஊரில் ஒருவருக்கும் இருக்காது. அந்தக் காலாண்டில் தெருவிளக்கு மாற்றப் பணம் இல்லாமல் போகும், குப்பை வண்டி டயர் இல்லாமல் நிற்கும். அதையும் கடனையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

மானியம் கிடைக்கிற வரை வாங்கிக்கொள்ள வேண்டும், கடன் பக்கமே போகக் கூடாது என்பது என் கட்சி.

பிப்ரவரி 10, காலை 7.30

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 10 கோடி, வட்டி 8 விழுக்காடு, 20 ஆண்டில் சம தவணை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 2 லட்சம் ரூபாய். 10,000 இணைப்புக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1,020 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, மாதத்துக்கு 85 ரூபாய். நேற்று எழுதியதை வைத்து ஊரே முழுகிப்போகும் என்று பயந்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 10, பகல் 1.10

85 தவறு. பணி ஓய்வு பெற்றால் மூளையும் ஓய்வு பெற்றுவிடுகிறது.

வேலை நடக்கும் காலத்தில் அசல் கட்ட வேண்டாம், அவகாசம் உண்டு. வட்டி மட்டும் அவகாசம் எடுத்துக்கொள்ளாது. மூன்று ஆண்டு வேலை, பணத்தைச் சிறிது சிறிதாக எடுக்கிறோம் என்றால் சராசரியாக ஒன்றரை ஆண்டு வட்டி அசலோடு சேரும். 10 கோடி, 11 கோடியே 22 லட்சமாகிவிடும். இப்போது மாதத்துக்கு 95 ரூபாய். வேலை ஐந்து ஆண்டு இழுத்தால் 103.

ஐந்து ஆண்டு எங்கே இழுக்கும் என்று கேட்காதீர்கள். நான் இருந்த ஓர் ஊரில் மேல்நிலைத் தொட்டி நிற்கிறது, குழாய் பதித்தாயிற்று, மோட்டார் இறங்கியாயிற்று, நீரேற்று நிலையத்துக்கு மின் இணைப்பு வரவில்லை. 14 மாதம். அதற்குள் கடன் அவகாசம் முடிந்து முதல் தவணைக்குக் கடிதம் வந்துவிட்டது. முதல் சொட்டுத் தண்ணீருக்கு முன்னால் முதல் தவணை.

பிப்ரவரி 11, இரவு 9.00

"வட்டி எவ்வளவு என்பதுதானே முக்கியம், அதற்குப் போராடுவோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போராடுங்கள், தவறில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 8 விழுக்காடு 10 ஆனால் மாதம் 95 ரூபாய் 113 ஆகும். 18 ரூபாய் கூடுதல்.

வட்டி 8-லேயே இருந்து, 10,000 இணைப்பில் 6,000 பேர் மட்டும் பணம் கட்டினால்? கட்டுகிறவர் தலையில் 159.

ஆக நீங்கள் நகராட்சியில் போய்க் கேட்க வேண்டியது கேட்பு வசூல் நிலுவைப் பட்டியலைத்தான். இந்த ஆண்டு எவ்வளவு கேட்க வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது என்று அதில் மூன்று பத்தி இருக்கும். கடன் கொடுக்க வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அந்தப் பட்டியலில் குடிநீர்க் கட்டணத்துக்குத் தனித் தாள் இருக்கும், சொத்து வரித் தாளைக் காட்டி அனுப்பிவிடப் போகிறார்கள்.

பிப்ரவரி 11, இரவு 9.20

நேர்மைக்காக ஒன்று. மேலே உள்ளதை எழுதிவிட்டு என் வீட்டு ரசீதுக் கோப்பைத் திறந்தேன். குடிநீர்க் கட்டணம் இரண்டு அரையாண்டு நிலுவை. வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பிப்ரவரி 12, காலை 6.45

கட்டிவிட்டேன். அபராதம் இல்லை. இருந்திருந்தால் முன்பே கட்டியிருப்பேன்.

பிப்ரவரி 12, மாலை 5.30

எல்லோரும் கடனையே பேசுகிறோம், மோட்டாரை யாரும் பேசவில்லை. 1,000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பே இல்லாத மோட்டார் என்றால் 0.27 யூனிட் போதும். அப்படி ஒரு மோட்டார் உலகத்தில் கிடையாது. பம்பு, மோட்டார் எல்லாம் சேர்த்து 65 விழுக்காடு திறன் என்றால் 0.42 யூனிட். ஆற்றிலிருந்து மேட்டு ஊருக்குக் கொண்டுவரும்போது உயரமும் குழாய் உராய்வும் சேர்ந்து 100 மீட்டர் சாதாரணமாக வந்துவிடும்.

உங்கள் ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற திட்ட அளவுப்படி 70 லட்சம் லிட்டர் என்று வைப்போம். நாளைக்கு 2,940 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 86 லட்சத்துக்கு அருகில் வரும். இணைப்புக்கு மாதம் 72 ரூபாய்.

தவணை 20 ஆண்டில் முடிந்துவிடும், இது முடியவே முடியாது. மானியமாக வந்த குழாய்க்கும் இந்தச் செலவு உண்டு. முதல் நாள் எழுதிய என் 'கட்சி' இங்கேதான் ஆட்டம் காண்கிறது.

இந்தூர் மாநகராட்சி 2023-ல் பொதுமக்களிடம் பசுமைக் கடன் பத்திரம் விற்று 244 கோடி ரூபாய் திரட்டியது. குழாய்க்காக அல்ல. நர்மதையிலிருந்து தண்ணீர் ஏற்றும் ஜலூத் நீரேற்று நிலையத்துக்குச் சூரிய மின் நிலையம் அமைக்க. மின் கட்டணத்தைப் பார்த்து அலறிய கணக்கர் ஒருவர் அங்கேயும் இருந்திருப்பார்.

பிப்ரவரி 14, இரவு 8.50

"யார் கடன் தருகிறார்கள், வங்கியா?" என்ற கேள்விக்கு. ஒரு காலத்தில் எல்.ஐ.சி. கடனும், மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சிக் கழகமான ஹட்கோவின் கடனும் குடிநீர்த் திட்டங்களுக்கு வந்தன. ஊரகத் திட்டங்களுக்கு மாநில அரசு நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு நிதியில் கடன் எடுக்கிறது, அது 1995-96-ல் தொடங்கியது. அதே அச்சில் நகரங்களுக்கென்று 2023-24 வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய் அளவில் ஒரு நிதியை அறிவித்தார்கள், தேசிய வீட்டுவசதி வங்கி நடத்துகிறது. நம் மாநில நகராட்சிகளுக்குப் பழகிய வாசல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம். அரசுத் துறைதான்.

பிப்ரவரி 14, இரவு 9.35

திருத்தம், திருத்தம். அரசுத் துறை என்றதற்கு ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார், சரியாகத்தான் பிடித்தார். அது ஓர் அறக்கட்டளை. 1988-ல் உலக வங்கித் திட்டத்தோடு தொடங்கிய நகராட்சி மேம்பாட்டு நிதியை 1996-ல் மாற்றி அமைத்தபோது ஐ.சி.ஐ.சி.ஐ., எச்.டி.எஃப்.சி., ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற மூன்று நிதி நிறுவனங்களையும் மாநில அரசு பங்காளியாகச் சேர்த்துக்கொண்டது. அரசுத் துறையிடம் போய்க் கடன் கேட்டால் "கோப்பு அனுப்புங்கள்" என்பார்கள், இவர்கள் "வருமானம் எங்கே" என்றார்கள். அந்த வித்தியாசத்தை அனுபவித்தவன் நான். திட்ட அறிக்கையை எடுத்துக்கொண்டு போனோம், அவர்கள் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டுக் குடிநீர்க் கட்டணத் தீர்மானத்தைக் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது எட்டு ஆண்டுப் பழைய தீர்மானம்.

அந்த நிதியத்தின் அடிப்படை யோசனை சுழல் நிதிதான். ஓர் ஊர் அடைத்த பணம் அடுத்த ஊருக்குக் கடனாகப் போகும். அமெரிக்காவில் கழிவுநீர்த் திட்டங்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை 1987-ல் சட்டம் திருத்தி இதே மாதிரி மாநிலச் சுழல் நிதியாக்கினார்கள். குடிநீருக்கு 1996-ல். பணக்கார நாடே மானியத்தை நிறுத்திக் கடனுக்கு வந்தது என்பதை அப்போது எங்கள் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், நாங்கள் போண்டாவுக்குக் காத்திருந்தோம்.

பிப்ரவரி 15, காலை 11.00

ஆலந்தூர் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1990-களின் கடைசியில் சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டம் போட்டது. நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன் உண்டு. ஆனால் வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடம் முன்பணம் வாங்கினார்கள். மாதக் கட்டணம் 150 ரூபாய் என்பதையும் சொல்லித்தான் வாங்கினார்கள். குழியே தோண்டாத திட்டத்துக்கு அந்தக் காலத்து 5,000 ரூபாய்!

எங்கள் ஊரில் இதைக் கேட்டுவிட்டு மன்ற உறுப்பினர் ஒருவர், "என் வார்டில் போய்க் கேட்டால் 5,000 செருப்பு வரும்" என்றார். ஆலந்தூரில் பணம் வந்தது. குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, கணக்கைக் காட்டிக் கேட்டார்கள். பணம் கொடுத்த ஆள் சும்மா இருக்க மாட்டார். குழாய் எங்கே, எப்போது, ஏன் தாமதம் என்று வந்து நிற்பார். 5,000-த்தை வாங்கும்போது நகராட்சி சேர்த்து வாங்கியது அந்த நச்சரிப்பையும்தான்.

முதல் நாள் சொன்னதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மானியத்துக்கு எதிராக ஒன்றும் இல்லை. ஆனால் ஓசியில் வந்த குழாய் பழுதானால் அதை யார் வீட்டுக் குழாய் என்று கேட்கிற ஆள் இருப்பதில்லை. கடனும் எஸ்.எஃப்.சி. பிடித்தத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போனால் அதுவும் ஓசி மாதிரித்தான். பணம் போகிறது, கேள்வி வருவதில்லை.

பிப்ரவரி 15, மாலை 4.20

"அப்படியானால் பிடித்தமே கூடாதா?" அப்படிச் சொல்ல மாட்டேன். பிடித்தம் இருப்பதால்தான் சின்ன ஊர்களுக்குக் கடன் கொடுக்க ஆள் வருகிறது. 2002-03-ல் 13 உள்ளாட்சிகளைச் சேர்த்துக் கட்டி, நீர் மற்றும் சுகாதாரக் கூட்டு நிதி என்ற பெயரில் 30.41 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் விற்றார்கள். 15 ஆண்டு, 9.20 விழுக்காடு. தனித்தனியாகப் போயிருந்தால் அந்த ஊர்களின் பத்திரத்தைச் சந்தையில் யாரும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். தவணை தவறினால் மாநில அரசு தரும் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும், அசலில் பாதிக்கு அமெரிக்க அரசு உதவி நிறுவனத்தின் உத்தரவாதமும் இருந்ததால்தான் முதலீட்டாளர் வந்தார்.

எனக்குப் பிடித்தத்தின் மேல் கோபம் இல்லை. பிடித்த தொகையை ஊருக்குச் சொல்வதில்லையே என்றுதான். தொட்டித் திறப்பு விழாக் கல்வெட்டில் எத்தனை பெயர் இருக்கிறது, கடன் எவ்வளவு என்று ஒரு வரி இருக்கிறதா?

பிப்ரவரி 16, காலை 8.10

ஆலந்தூரைச் சொன்னால் திருப்பூரையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பிரசாரகன் ஆகிவிடுவேன். 1,023 கோடி ரூபாய்த் திட்டம். பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். கட்டி, நடத்தி, 30 ஆண்டில் ஒப்படைக்கும் ஒப்பந்தம். சாயப்பட்டறை, பனியன் தொழிலுக்கு விற்கும் தண்ணீரின் விலை கூடுதல், வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைவு. பட்டறைகள் கட்டும் பணத்தில் கடன் அடையும், வீட்டுக்கும் மலிவாகத் தண்ணீர் கிடைக்கும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் அழகான கணக்கு. நானே புகழ்ந்திருக்கிறேன்.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடின. கூடுதல் விலை கொடுத்த வாடிக்கையாளர் ஒரே நாளில் காணோம், கடன் அங்கேயே நிற்கிறது. நொய்யல் பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் தீர்ப்பு பத்து ஆண்டு தாமதம் என்பார்கள், அதுவும் நியாயம்தான். பட்டறை கழிக்கும் நீரைப் பற்றி யோசிக்காமல் பட்டறை வாங்கும் நீரை மட்டும் நம்பித் தவணை அட்டவணை போட்டதுதான் கோளாறு.

உங்கள் ஊர் அறிக்கையில் 'உத்தேச வருமானம்' என்ற தாளைப் பாருங்கள். வரப்போகும் தொழிற்பேட்டை, வரப்போகும் கல்லூரி என்று 'வரப்போகும்' எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

பிப்ரவரி 19, இரவு 10.40

வெளிநாட்டுக் கடன் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும், சென்னைக்காகப் பேரூரில் கட்டும் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் கடல்நீர் ஆலையும் ஜப்பான் கடனில். நெம்மேலியின் இரண்டாவது ஆலை ஜெர்மனி கடனில். வட்டி கேட்டால் வாய் பிளக்கும், அவ்வளவு குறைவு. ஆனால் ஜப்பான் கடன் யென்னில், நம் வருமானம் ரூபாயில். 2005 வரை மத்திய அரசு அந்தக் கடனை ரூபாயாக்கித் தன் வட்டிக்கு மாநிலத்துக்குத் தந்தது, நாணய ஏற்றஇறக்கம் அதன் பாடு. 12-வது நிதி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு அதே நிபந்தனையில் அப்படியே மாநிலத்துக்கு வருகிறது, ஏற்றஇறக்கமும் சேர்ந்து. யென் விஷயத்தில் அதிர்ஷ்டம்தான். 2012-ல் ஒரு யென் 65 பைசாவுக்கு மேல், 2024-ல் 55 பைசா அளவில். டாலர் கடன் வாங்கியவரிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

50 ஆண்டு வட்டியில்லாக் கடன் என்று செய்தியில் வருவது மத்திய அரசு மாநிலங்களுக்கு மூலதனச் செலவுக்காக 2020-21-லிருந்து தருவது. அந்த நிபந்தனையில் உங்கள் 10 கோடி கிடைத்தால் இணைப்புக்கு மாதம் 17 ரூபாய்தான். கிடைக்காது, அது மாநிலத்தோடு நின்றுவிடும். கனவு காண்பதற்காகக் கணக்குப் போட்டேன்.

பிப்ரவரி 20, காலை 7.05

ஒன்று விட்டுப்போயிற்று. பழைய வீராணம் திட்டத்துக்கு வார்த்த ராட்சதக் குழாய்கள் திட்டம் கைவிடப்பட்டபின் வெளியில் கிடந்தன. குடும்பங்கள் அவற்றுக்குள் குடியிருந்தன. தண்ணீர் போகாத குழாய்க்குக் கிடைத்த ஒரே பயன். புதிய வீராணம் வந்து சென்னைக்குத் தண்ணீர் போனது 2004-ல். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

பிப்ரவரி 22, இரவு 11.30

ஆலந்தூர்க் கதையை ஒரு வாரமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்களும் பிறகு முன்பணம் வாங்கினோம். தனி வங்கிக் கணக்கு, தனிப் பாஸ்புத்தகம், இணைப்பு வைப்புத்தொகை என்று தலைப்பு. 1,900 பேருக்குமேல் கட்டினார்கள். ஒரு பாட்டி சுருக்குப் பையிலிருந்து எண்ணியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஆண்டு எஸ்.எஃப்.சி. தாமதம், தீபாவளிக்குப் பத்து நாள். துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் இல்லை, பண்டிகை முன்பணம் இல்லை. வைப்புத்தொகைக் கணக்கிலிருந்து பொது நிதிக்கு 'தற்காலிக மாற்றம்' என்று குறிப்பு எழுதினேன். எழுதியது நான். மேலே கையெழுத்துப் போட்டவர்கள் இருவர், ஆனால் சொற்றொடர் என்னுடையது. "அண்ணே, ஜனவரியில் திருப்பிவிடலாம்தானே?" என்று இளநிலை உதவியாளர் கேட்டான். ஆமாம் என்றேன்.

திருப்ப இரண்டு ஆண்டு ஆயிற்று. அதற்குள் ஒப்பந்தக்காரர் பட்டியல் பணம் வராமல் வேலையை நிறுத்தி, விலை ஏறி, மறுமதிப்பீடு போட்டு, கூடுதல் தொகைக்கு மறுபடி கடன். பணியாளருக்குச் சம்பளம் கொடுத்தது தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பாட்டியின் பணத்தில் கொடுத்ததுதான் உறுத்துகிறது. அவர் வீட்டுக்குக் குழாய் வந்தபோது அவர் இல்லை. மகன்தான் ரசீதைக் கொண்டுவந்தான், மடித்து மடித்து நாலாகக் கிழிந்திருந்தது.

பிப்ரவரி 23, காலை 9.00

ஆறுதல் சொன்னவர்களுக்கு: வேண்டாம். நான் கேட்டது ஆறுதல் அல்ல. அந்தத் தனிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க மன்றத் தீர்மானம் மட்டும் போதாது, கடன் கொடுத்தவரின் ஒப்புதலும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் என்னைப் போன்றவன் குறிப்பு எழுதவே முடியாது. இப்போது அதற்கு எஸ்க்ரோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வசூல் முதலில் அங்கே போய், தவணைக்கு எடுத்துவைத்த பிறகுதான் மிச்சம் நகராட்சிக்கு வரும். உங்கள் ஊர் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா, வைப்புத்தொகைக்கும் சேர்த்து இருக்கிறதா என்று பாருங்கள்.

மார்ச் 2, இரவு 8.15

கேள்வி கேட்டவர் நகராட்சிக்குப் போய் வந்ததை எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. குடிநீர் வசூல் 62 விழுக்காடு என்றால் மாதம் 153 ரூபாய் பக்கம் வருகிறது, மின்சாரம் தனி. கடன் தீர்மானம் 40-க்கு மேற்பட்ட பொருள்களோடு ஒரே மூச்சில் நிறைவேறியது என்பது ஆச்சரியமில்லை. கட்டணத் தீர்மானம் இன்னும் வரவில்லை என்பதை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள், இப்போதே. குழாய் போட்டபின் அவர் கேட்க மாட்டார், தேர்தல் வந்துவிடும்.

வைப்புத்தொகைக் கணக்கு "இப்போதைக்குத் தனியாகத்தான் இருக்கிறது" என்று கணக்கர் சொன்னாராம். அந்த 'இப்போதைக்கு' எனக்கு நன்றாகத் தெரியும். பாஸ்புத்தக நகலைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு தடவை கேளுங்கள், பொங்கல் கழிந்து ஒரு தடவை கேளுங்கள். அவரிடம் கோபப்படாமல் கேளுங்கள்.